கருப்பொருள் விருந்து: மரக்காணம் கடற்கரையும் நெய்தல் உணவும்

ஒரு பொருளை மையமாக வைத்து, அதற்கேற்ற உணவு, வேளை, இடம், பேச்சு ஆகியவற்றைப் பொருத்தி, நண்பர்களை வீட்டுக்கு அழைத்துப் படைக்கும் விருந்து கருப்பொருள் விருந்து ஆகும். நகரங்களில் இது 'தீம் டின்னர்' என்றும் 'தீம் பார்ட்டி' என்றும் வழங்குகிறது. ஓர் ஊரின் சமையல், ஒரு பருவத்தின் காய்கனி, ஒரு திரைப்படம், ஒரு நூல் என எதுவும் அதன் மையமாக அமையலாம். இது அண்மைக்கால வழக்கம் என்று கருதப்பட்டாலும், நிலத்துக்கு ஏற்ற உணவை முறைப்படுத்தி விருந்து படைத்த செய்தி சங்க இலக்கியத்திலேயே காணப்படுகிறது. விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம் கடற்கரையோடு தொடர்புடைய சிறுபாணாற்றுப்படை அதற்குச் சிறந்த சான்று ஆகும்.

சொற்பொருள்

'விருந்து' என்னும் சொல்லுக்குப் புதுமை என்பது பழைய பொருள். தொல்காப்பியம் நூலின் வனப்புகளுள் ஒன்றாக 'விருந்து' என்பதைக் குறிப்பிடுவதும் புதுமை என்னும் இப்பொருளிலேயே ஆகும். வீட்டுக்குப் புதிதாக வருபவரைக் குறித்த இச்சொல், பின்னர் அவர்களுக்குப் படைக்கும் உணவையும் குறித்தது. திருக்குறளில் விருந்தோம்பல் 9ஆம் அதிகாரமாக, 81 முதல் 90 வரையுள்ள குறள்களில் அமைந்துள்ளது.

இக்காலத்தில் 'தீம்' என்பதற்கு ஈடாக வழங்கும் 'கருப்பொருள்' என்ற சொல்லும் பழைய திணை இலக்கணத்தோடு தொடர்புடையது. தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியவற்றை ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களாகத் தொல்காப்பிய அகத்திணையியல் வகுக்கிறது. அந்தப் பட்டியலில் தெய்வத்துக்கு அடுத்து வருவது உணவு. ஆகவே ஒரு நிலத்தை மையமாகக் கொண்டு விருந்து அமைக்க விரும்புவோருக்கு வேண்டிய சட்டகம் தமிழ் இலக்கணத்திலேயே இருக்கிறது.

நெய்தல் நிலத்தின் கருப்பொருள்கள் பொதுவாகப் பின்வருமாறு கூறப்படும்.

தெய்வம்: வருணன்
மக்கள்: பரதவர், நுளையர், உமணர்
உணவு: மீன், உப்பையும் மீனையும் விற்றுப் பெற்ற பொருள்
மரம்: புன்னை, ஞாழல், கண்டல்
பூ: நெய்தல், தாழை, அடும்பு
பண்: செவ்வழி
தொழில்: மீன் பிடித்தல், உப்பு விளைத்தல்

நெய்தலுக்குரிய சிறுபொழுது எற்பாடு. இது முதற்பொருளைச் சேர்ந்தது; கதிரவன் சாயும் பிற்பகல் வேளையைக் குறிக்கும்.

மரக்காணமும் எயிற்பட்டினமும்

மரக்காணம் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமைந்த பேரூர். ஆந்திரத்திலிருந்து கடற்கரையை ஒட்டி வரும் பக்கிங்காம் கால்வாயின் தென்கோடி இப்பகுதியே ஆகும். ஊரைச் சுற்றி 3,000 ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பில் உப்பளங்கள் விரிந்துள்ளன. தெற்கே கழுவேலி என்னும் உவர்நீர் ஏரி உள்ளது. அது 2021ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த பெரிப்ளூசு என்னும் கிரேக்கக் கடல்வழி நூல் சோழமண்டலக் கரையில் கமரா, பொதுகே, சோபட்மா ஆகிய துறைகளைக் குறிப்பிடுகிறது. சோ, எயில் ஆகிய இரண்டு சொற்களும் மதிலைக் குறிப்பன. அதனால் சோபட்மா என்பது சோபட்டினம் என்றும், அதுவே எயிற்பட்டினம் என்றும் கொள்வர்.

சிறுபாணாற்றுப்படை பத்துப்பாட்டு நூல்களுள் ஒன்று. 269 அடிகளைக் கொண்டது. இதை இயற்றியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். இடைக்கழிநாடு மரக்காணத்துக்கு வடக்கே, கழிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட நிலம்; அப்பெயரிலேயே இன்றும் ஒரு பேரூராட்சி உள்ளது. பாட்டுடைத் தலைவன் ஓய்மானாட்டு நல்லியக்கோடன். அவனது கிடங்கில் இன்று திண்டிவனம் நகரின் ஒரு பகுதியாக இருக்கிறது.

சிறுபாணாற்றுப்படையில் நான்கு விருந்துகள்

ஆற்றுப்படை என்பது, பரிசு பெற்ற கலைஞன் ஒருவன் வறுமையில் வாடும் மற்றொரு கலைஞனுக்கு வள்ளல் இருக்கும் ஊருக்கு வழி சொல்வதாக அமையும் நூல்வகை. செல்லும் வழியில் எந்த ஊரில் என்ன உணவு கிடைக்கும் என்பதும் அதில் சொல்லப்படும். சிறுபாணாற்றுப்படையில் அத்தகைய நான்கு இடங்கள் வருகின்றன.

முதலாவது எயிற்பட்டினம். கடல் அலைகள் கொண்டுவந்து ஒதுக்கிய மணமுள்ள மரக்கட்டைகள் அங்கே அடுப்புக்கு விறகாகின்றன. கரையில் கிடக்கும் அக்கட்டைகளுக்குப் படுத்து உறங்கும் ஒட்டகங்கள் உவமை. நுளைமகள் அரித்த பழங்கள்ளும், சுட்ட உலர்ந்த குழல்மீனும் பாணர்களுக்கு வீடுதோறும் கிடைக்கும்.

இரண்டாவது வேலூர். இதனைத் திண்டிவனம் பக்கத்து உப்புவேலூர் என்பாரும் உண்டு. இங்கே எயினர் குடிப் பெண்கள் சமைத்த புளிச்சோறும் சுட்ட ஆமான் இறைச்சியும் கிடைக்கும்.

மூன்றாவது மருத நிலத்து ஆமூர். உழவர் வீட்டுப் பெண், உலக்கையால் நன்கு குற்றிய அரிசியில் வடித்த வெண்சோற்றை நண்டுக் கறியோடு தருவாள்.

நான்காவது கிடங்கில். நல்லியக்கோடன் மெல்லிய ஆடை உடுத்துவித்து, பீமன் இயற்றியதாகச் சொல்லப்படும் சமையல் நூலின் முறை தவறாமல் ஆக்கிய பல்வகை உணவைப் பொற்கலத்தில் இட்டு, தானே அருகில் நின்று உண்பிப்பான்.

இந்த நான்கையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு புலப்படும். ஒவ்வோர் ஊரும் தன் நிலத்தில் விளைந்ததையே படைக்கிறது. மீனவர் வீட்டில் நெல்லரிசிச் சோறு இல்லையே என்று யாரும் குறைப்படவில்லை. உழவர் வீட்டில் கடல்மீன் தேடப்படவும் இல்லை. அரண்மனை விருந்தில் பொற்கலம் இருந்தாலும், நூலாசிரியர் அழுத்திச் சொல்வது அரசன் தானே நின்று ஊட்டுவதை ஆகும்.

உப்பில்லாத கீரை

வழியில் கிடைக்கும் உணவைச் சொல்லும் இந்நூல், பாணனின் வீட்டில் முன்பிருந்த நிலையையும் காட்டுகிறது. அடுக்களையில் அண்மையில் ஈன்ற நாய் படுத்திருக்கிறது. கண் திறவாத குட்டிகள் அதனிடம் பால் குடிக்க முயல்கின்றன. சுவர் அரித்த மண்ணில் காளான் பூத்திருக்கிறது. பசியால் மெலிந்த பாணன் மனைவி குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளிக்கொண்டு வந்து, உப்பில்லாமல் வேகவைக்கிறாள். பிறர் பார்த்துவிடுவார்களே என்ற நாணத்தால் கதவை அடைத்துவிட்டுப் பெரிய சுற்றத்தோடு அதை அனைவரும் பகிர்ந்து உண்கிறார்கள்.

உப்பு விளையும் கடற்கரை நாட்டிலிருந்து எழுந்த நூல், வறுமையின் எல்லையைக் காட்ட உப்பின்மையைத் தேர்ந்திருக்கிறது. இந்நூலின் விருந்துகளை இந்தக் காட்சியோடு சேர்த்தே படிக்க வேண்டும். அடைத்த கதவுக்குள் நாணி உண்டவர்களே, பின்னர் ஊர் ஊராகத் திறந்த வாயில்களில் வரவேற்கப்படுகிறார்கள்.

உப்பும் விருந்தோம்பலும்

தமிழ்நாட்டில் இலை போட்டுப் பரிமாறும்போது உப்பை முதலில் வைப்பது பரவலான வழக்கம். புதுமனை புகும்போது உப்பும் மஞ்சளும் அரிசியும் முதலில் கொண்டுசெல்லப்படுகின்றன. உணவிட்டவரை மறக்கலாகாது என்பதைச் சொல்லும் 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்ற பழமொழி, சோற்றைக் குறிக்காமல் உப்பைக் குறிக்கிறது. ஊடலின் அளவைப் பேச வந்த திருவள்ளுவரும் (குறள் 1302) உணவில் உப்பு அமைவதையே உவமையாக்கினார்.

பிற நாடுகளிலும் உப்புக்கு இத்தகைய இடம் உண்டு. உருசியா உள்ளிட்ட சிலாவிய நாடுகளில் விருந்தினரை ரொட்டியும் உப்பும் தந்து வரவேற்கும் மரபு உள்ளது. இடைக்கால இங்கிலாந்தின் பெருவிருந்துகளில் மேசைமீது வைத்த உப்புக்கலம் தகுதியைப் பிரித்தது. உயர்ந்தோர் அதற்கு மேற்புறத்திலும் ஏனையோர் கீழ்ப்புறத்திலும் அமர்ந்தனர். ஒரே பொருள் ஓரிடத்தில் அழைப்பின் அடையாளமாகவும் மற்றோரிடத்தில் பிரிவினையின் அடையாளமாகவும் இருந்திருக்கிறது.

தமிழக வரலாற்றில் உப்பும் விருந்தோம்பலும் நேரடியாகச் சந்தித்த நிகழ்ச்சி 1930ஆம் ஆண்டின் வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகம் ஆகும். இராஜாஜி தலைமையில் சுமார் 100 தொண்டர்கள் திருச்சிராப்பள்ளியிலிருந்து ஏப்ரல் 13 அன்று நடைப்பயணம் தொடங்கினர். அவர்களுக்கு உணவோ தங்குமிடமோ கொடுப்பவர்கள் தண்டிக்கப்படுவர் என்று தஞ்சை மாவட்ட ஆட்சியர் தார்ன் எச்சரித்தார். மக்கள் உணவுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டனர். விருந்தளித்தவர் யார் என்று தெரியாமலேயே விருந்து நடந்தது.

மையப்பொருள் விருந்தினரை அச்சுறுத்திய நிகழ்ச்சியும் வரலாற்றில் உண்டு. உரோமப் பேரரசர் தொமீசியன் அளித்த ஒரு விருந்தை வரலாற்றாசிரியர் காசியசு தியோ பதிவு செய்துள்ளார். அறை முழுவதும் கருமை. உணவும் கலங்களும் கருமை. ஒவ்வொரு விருந்தினர் அருகிலும் அவரவர் பெயர் பொறித்த கல்லறைப் பலகை. வீடு திரும்பும் வரையிலும், அதன் பிறகும், தாம் கொல்லப்படுவோமோ என்று அவர்கள் நடுங்கினர். ஒப்பனை மிகச் சிறப்பாக இருந்தும் விருந்தோம்பல் அங்கே இல்லை.

வீட்டில் நெய்தல் விருந்து அமைக்கும் முறை

மரக்காணம் கடற்கரையை மையமாகக் கொண்ட விருந்தை எட்டுப் பேர் அளவில் ஒரு சாதாரண வீட்டிலேயே நடத்தலாம். அதற்குப் பின்வருவனவற்றைக் கருத வேண்டும்.

நாள்: கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் உண்டு. அந்நாட்களில் பெரிய மீன்களின் வரத்துக் குறைந்து விலை ஏறும். அப்போது விருந்து வைப்பவர்கள் கருவாட்டை முதன்மை உணவாக்கலாம். புரட்டாசியில் புலால் தவிர்ப்போர் பலர் என்பதால் அம்மாதத்தை விலக்குவது நல்லது.

வேளை: நெய்தலுக்குரிய எற்பாட்டைப் பின்பற்றி, விருந்தினரை மாலை 5 மணியளவில் அழைக்கலாம். மொட்டைமாடியிலோ திண்ணையிலோ வெயில் சாயும் நேரத்தில் பானகம், நுங்கு, கிடைக்கும் பருவத்தில் பதநீர் ஆகியவற்றைக் கொடுத்துத் தொடங்கலாம். தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை இருப்பதால் பழங்கள்ளுக்குப் பதநீரே பொருத்தமான மாற்று.

அழைப்பு: இறால், நண்டு, மீன் ஆகியவை சிலருக்கு ஒவ்வாமை உண்டாக்கும். சிலர் அவற்றை உண்பதே இல்லை. அழைக்கும்போதே இதைக் கேட்டறிய வேண்டும். வந்த பிறகு கேட்டால் உண்ணாதவர் தனித்துத் தெரிவார். அது அவருக்குச் சங்கடம் தரும்.

உணவு: சோறு, மண்சட்டி மீன்குழம்பு, நண்டு ரசம், நெத்திலி வறுவல், முருங்கைக்கீரைப் பொரியல், மோர் என்ற அளவு போதும். புலால் உண்ணாதவருக்கு மாங்காயும் பலாக்கொட்டையும் முருங்கைக்காயும் சேர்த்த புளிக்குழம்பை வேறு சட்டியில் செய்யலாம். இவையும் கடற்கரைத் தோட்டங்களில் விளைபவை. ஆகவே அவர்களும் அதே கருப்பொருளுக்குள் இருப்பார்கள். எட்டுப் பேருக்குச் சுமார் 1 கிலோ அரிசியும் ஒன்றேகால் கிலோ மீனும் போதுமானவை.

குழம்பைக் காலையிலேயே கொதிக்கவைத்து, மாலையில் மீண்டும் சூடாக்கி, மீன் துண்டுகளை அப்போது போடுவது வசதி. துண்டுகள் 6 முதல் 8 நிமிடத்தில் வெந்துவிடும். கரண்டியால் கிளறாமல் சட்டியைப் பிடித்துச் சுழற்றினால் உடையாது. இந்த ஏற்பாட்டால் விருந்து தருபவர் அடுப்படியிலேயே நிற்காமல் பரிமாற வெளியே வர முடியும்.

உப்பின் அளவு: ஒருவர் ஒரு நாளில் உண்ணும் மொத்த உப்பு 5 கிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. கருவாடு, அப்பளம், ஊறுகாய், மோர்மிளகாய் எல்லாம் ஒரே இலையில் வந்தால் அந்த அளவு ஒரு வேளையிலேயே கடந்துவிடும். இவற்றுள் ஒன்றை மட்டும் வைப்பது நல்லது. கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்து இரண்டு மூன்று முறை அலசினால் மிகுந்த உப்பும் மணலும் நீங்கும். கல்லுப்பின் பரல்களுக்கு இடையே வெளி இருப்பதால் ஒரு கரண்டிக் கல்லுப்பு ஒரு கரண்டித் தூளுப்பைவிட எடை குறைவு. கல்லுப்பில் பழகிய கை தூளுப்பை அதே கணக்கில் போட்டால் குழம்பு கரித்துவிடும்.

இலையோரத்தில் வைக்கும் உப்புக்கும் அயோடின் கலந்த கல்லுப்பையே பயன்படுத்த வேண்டும். நேரடி மனித நுகர்வுக்கு அயோடின் சேர்க்காத உப்பை விற்பது இந்தியாவில் 2006 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. உப்பளத்திலிருந்து அள்ளிவந்த உப்பை அழகுக்காக ஒரு கிண்ணத்தில் வைக்கலாம், சமையலுக்கு வேண்டாம்.

பேச்சு: விருந்தின் நடுவே ஒருவர் சிறுபாணாற்றுப்படையின் கதையை ஐந்து நிமிடத்தில் சொல்லலாம். விருந்தினர் ஒவ்வொருவரும் தங்கள் ஊரில் மட்டுமே கிடைக்கும் ஓர் உணவைப் பற்றிப் பேசலாம். மலையூரிலிருந்து வந்தவர் தினையையும் தேனையும் பேசுவார். டெல்டாவிலிருந்து வந்தவர் ஆற்றுமீனைப் பேசுவார். ஐந்திணைகளும் ஒரு கூடத்துக்கு வந்துவிடும்.

உப்பு விளையும் முறை

விருந்தின் மையப்பொருள் எப்படி உருவாகிறது என்பதும் அறியத்தக்கது. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அவற்றுள் ஏறத்தாழ 27 கிராம் சமையலுப்பாகிய சோடியம் குளோரைடு. அந்நீரையோ நிலத்தடி உவர்நீரையோ முதலில் தேக்கங்களிலும், பிறகு ஒன்றன்பின் ஒன்றாகப் பாத்திகளிலும் பாய்ச்சி வெயிலில் வற்றவிடுகின்றனர். கடல்நீரின் அடர்த்தி பொமே அளவையில் சுமார் 3.5 பாகை. அது ஏறும்போது முதலில் சுண்ணாம்புச் சத்தும் சிப்சமும் படிகின்றன. ஏறத்தாழ 25 பாகையை எட்டியதும் உப்புப் பரல் கட்டத் தொடங்குகிறது. 29 பாகையளவில் எஞ்சிய கசப்புநீரை வெளியேற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் மக்னீசிய உப்புகள் கலந்து கசக்கும். பரல்களைப் பலகையால் வாரி, வரப்பில் குவித்து, நீர் வடியவிட்டு எடுக்கின்றனர்.

எட்டுப் பேருக்கு ஒரு நாளைக்கு 5 கிராம் வீதம் 40 கிராம் உப்பு என்று கணக்கிட்டால், அது சுமார் ஒன்றரை லிட்டர் கடல்நீரில் உள்ள அளவு. நீர் சிறிதானாலும் அதன் பின்னுள்ள உழைப்பு கடினமானது. வெயில் எவ்வளவு கடுமையோ அவ்வளவு நல்ல விளைச்சல் என்பதால், மற்றவர்கள் நிழல் தேடும் மாதங்களே உப்பளத்தில் வேலை மிகுந்த மாதங்கள். உப்புப் பரப்பிலிருந்து எதிரொளிக்கும் ஒளி கண்ணை வருத்தும். உவர்நீரில் நின்று கால் தோல் வெடிக்கும். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் பாத்திகள் நீரில் மூழ்கித் தொழில் நின்றுவிடுகிறது. அம்மாதங்களில் தொழிலாளர்களுக்கு வருமானம் இல்லை.

இந்த இடைவெளிக்காகத் தமிழ்நாடு அரசு 2022ஆம் ஆண்டில் உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் வழங்கத் தொடங்கியது. அதே ஆண்டில், இராமநாதபுரம் மாவட்டம் வாலிநோக்கத்தில் உப்பளம் நடத்தும் தமிழ்நாடு உப்பு நிறுவனம் 'நெய்தல் உப்பு' என்ற பெயரில் சமையல் உப்பை வெளிச்சந்தைக்குக் கொண்டுவந்தது. திணைப்பெயர் இன்று உப்புப் பொட்டலத்தின் பெயராகவும் வழங்குகிறது.

கவனிக்க வேண்டியவை

மையப்பொருளாக ஒரு நிலத்தையோ தொழிலையோ எடுக்கும்போது, அதில் வாழும் மக்களை வேடிக்கைப் பொருளாக்கும் இடர் உண்டு. மீனவர் போலவும் உப்பளத் தொழிலாளர் போலவும் வேடமிடுவது விருந்துக்கு எதையும் சேர்க்காது. கரையில் மீன் விற்கும் பெண்களிடம் பேரம் பேசாமல் வாங்குவதும், அந்த மீனை எப்படிச் சமைப்பது என்று அவர்களிடமே கேட்பதும் உணவின் சுவையைக் கூட்டும்.

செலவும் கருதத்தக்கது. நண்பர் குழுவில் முறைவைத்து விருந்து நடக்கும்போது, முதலில் வைப்பவர் செய்யும் ஆடம்பரம் அடுத்தவருக்குச் சுமையாகிறது. நாளடைவில் சிலர் ஏதாவது காரணம் சொல்லி வராமல் போவார்கள். கதவை அடைத்துக்கொண்டு உப்பில்லாக் கீரை உண்ட பாணர் குடும்பத்தின் நாணம் வேறு வடிவில் திரும்புவது இவ்வாறுதான். மண்சட்டி, வாழையிலை, பருவத்தில் மலிவாகக் கிடைக்கும் மத்தியோ நெத்திலியோ, கீரை என்று விருந்தை அமைத்தால், அடுத்தவரும் தம் வீட்டுக் கதவைத் தயங்காமல் திறப்பார்.